‘85% அசெம்பிள்டு’ என்று வரும் பிஎம்எக்ஸ் சைக்கிள்... மீதி 15 சதவீதத்தில் என்ன இருக்கு தெரியுமா?

ஆன்லைனில் ஆர்டர் போட்ட பிஎம்எக்ஸ் சைக்கிள் வீட்டுக்கு வந்தாச்சு. அட்டைப்பெட்டி மேல ‘85% அசெம்பிள்டு’ என்று ஸ்டிக்கர். முக்கால்வாசி வேலை முடிஞ்சுது, இன்னும் அரை மணி நேரத்துல பையன் தெருவுல ஓட்டிடுவான் என்றுதான் தோணும்.

ஆனா அந்த மீதி 15 சதவீதத்தில் வருவது ஹேண்டில்பார், முன் சக்கரம், பெடல், சீட், பிரேக் செட்டிங். அதாவது வண்டியைத் திருப்புறது, மிதிக்கிறது, நிறுத்துறது மூணுமே நம்ம கையில்தான் விடப்பட்டிருக்கு. அதனால அவசரப்படாம ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

பிஎம்எக்ஸ் என்றால் என்ன?

பைசிக்கிள் மோட்டோகிராஸ் என்பதன் சுருக்கம். 1970-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில், மோட்டோகிராஸ் பைக் பந்தயத்தைப் பார்த்த சிறுவர்கள் தங்கள் சைக்கிளை மண் மேட்டில் ஓட்டத் தொடங்கினார்கள். அப்படிப் பிறந்த விளையாட்டு 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் பந்தயமாக நுழைந்தது. சாகசப் பிரிவான ஃப்ரீஸ்டைல், 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் சேர்ந்தது. 20 இன்ச் சக்கரம், உயரமான ஹேண்டில்பார், தாழ்வான சீட், கியர் கிடையாது. இதுதான் அடையாளம்.

ஒரு விஷயம். இந்தப் பெயரில் இங்கே விற்கும் எல்லா வண்டியும் சாகசத்துக்குச் செய்தது இல்லை. பல மாடல்கள் பார்வைக்கு மட்டும்தான் பிஎம்எக்ஸ். ‘ஸ்டன்ட் செய்யக் கூடாது’ என்று கையேட்டில் இருந்தால், படிக்கட்டில் குதிக்கும் ஆசையை அங்கேயே நிறுத்திடுங்க.

முதல் தப்பே ஃபோர்க்கில்தான்

பெட்டிக்குள் அடங்க வேண்டும் என்பதற்காக முன் ஃபோர்க்கைப் பல நேரம் பின்பக்கமாகத் திருப்பி வைத்து அனுப்புவாங்க. அதைக் கவனிக்காம அப்படியே சக்கரத்தையும் ஹேண்டில்பாரையும் மாட்டிடுறதுதான் ரொம்ப சகஜமா நடக்கிற தப்பு. வண்டி ஓடும், அதனால சந்தேகமே வராது. ஆனா ஸ்டியரிங் ஒரு நிலையில் நிற்காது. திருப்பத்தில் பாதம் முன் சக்கரத்தில் இடிக்கும். பிள்ளைக்கு ஓட்டத் தெரியலை என்று நாம் நினைச்சுக்குவோம்!

எப்படிக் கண்டுபிடிக்கிறது? வண்டியைப் பக்கவாட்டில் நின்று பாருங்க. சக்கரம் மாட்டும் பள்ளம், ஃபோர்க் தண்டின் நேர்கோட்டை விட்டுச் சற்று முன்னால் தள்ளி இருக்கணும். அது பெடல் பக்கமாகப் பின்னால் வந்திருந்தால் ஃபோர்க் திரும்பியிருக்குன்னு அர்த்தம். முன் பிரேக் உள்ள வண்டியில் இன்னும் சுலபம், பிரேக் பெரும்பாலும் முன்பக்கம் பார்த்து இருக்கும். ஃபோர்க்கைத் திருப்பும்போது கேபிள் முறுக்கிக்கொள்ளாத திசையில் திருப்புங்க.

ஹேண்டில்பார்: மேல் போல்ட்டை மட்டும் நம்பாதீங்க

ஹேண்டில்பாரைப் பிடிக்கும் ஸ்டெம் இரண்டு வகை. பழைய வகையில் தண்டு உள்ளே இறங்கும், மேலே ஒரே போல்ட். தண்டில் ‘இதற்கு மேல் தூக்காதே’ என்று ஒரு கோடு இருக்கும். அது வெளியே தெரியவே கூடாது. சீட் தண்டுக்கும் இதே விதிதான்.

புது வகையில் மேலே மூடி மாதிரி ஒரு போல்ட், பக்கத்தில் இரண்டு. இங்கேதான் குழப்பம் வரும். மேல் போல்ட் ஸ்டியரிங்கின் ஆட்டத்தைப் போக்க மட்டும்தான், ஹேண்டில்பாரைத் தாங்குவது பக்கத்து போல்ட்கள். முதலில் மேல் போல்ட்டை ஆட்டம் போகும் அளவுக்கு மட்டும் இறுக்கி, ஸ்டெம்மைச் சக்கரத்துக்கு நேராக வைத்து, அப்புறம்தான் பக்கத்துப் போல்ட்களை இறுக்கணும். நான்கு போல்ட் உள்ள பிடிப்பு என்றால் எதிரெதிர் மூலையாக, கொஞ்சம் கொஞ்சமாக.

இறுக்கியதும் முன் சக்கரத்தை முழங்கால்களுக்கு நடுவில் பிடித்து ஹேண்டில்பாரைத் திருப்பிப் பாருங்க. சக்கரம் நிற்க, ஹேண்டில்பார் மட்டும் நகர்ந்தால் இன்னும் இறுக்கணும். பிறகு முன் சக்கரத்தைச் சுவரில் முட்ட வைத்து வண்டியை முன்னும் பின்னும் அசைங்க. கழுத்துப் பகுதியில் ‘லொட லொட’ என்று தட்டினால் பக்கத்துப் போல்ட்களைத் தளர்த்தி, மேல் போல்ட்டில் இருந்து மறுபடி ஆரம்பிக்கணும்.

கைப்பிடி முனையில் அடைப்பு இருக்கிறதா என்பதையும் பாருங்க. அடைப்பு இல்லாத இரும்புக் குழாய் விழும்போது வயிற்றைக் கிழிக்கும்.

இடது பெடல் மட்டும் ஏன் எதிர்ப்பக்கம்?

இரண்டு பெடலிலும் ‘எல்’, ‘ஆர்’ என ஆங்கில எழுத்து பொறித்திருக்கும். வலது பெடல் எல்லாத் திருகையும் போலக் கடிகாரத் திசையில் இறுகும். இடது பெடலுக்கு மரை எதிர்த்திசை. (சங்கப் பாட்டில் வரும் மரை மான் இல்லைங்க, திருகில் ஓடும் சுற்று.) மிதிக்கும் விசை பெடல் தண்டை அதன் துளைக்குள் மெல்ல மெல்ல உருட்டுகிறது. இரண்டு பக்கமும் ஒரே மரை என்றால் இடது பெடல் ஓட்ட ஓட்டக் கழன்றுவிடும். விமானம் செய்வதற்கு முன் சைக்கிள் கடை நடத்திய ரைட் சகோதரர்கள், 1900-ல் தங்கள் சைக்கிளில் இந்த இடது மரை பெடலைக் கொண்டு வந்தாங்க.

நினைவில் வைக்க ஒரே வழி: எந்தப் பக்கம் நின்றாலும், ஸ்பேனரின் மேல்நுனி வண்டியின் முன்பக்கம் நோக்கிப் போனால் இறுகும். மரையில் கொஞ்சம் கிரீஸ் தடவி, முதல் சில சுற்றை விரலாலேயே போடுங்க. விரலுக்குப் போகலைன்னா நிறுத்துங்க. ஸ்பேனரால் வம்பு பண்ணி ஏற்றினால் மரை தேய்ந்து, கிராங்க்கையே மாற்ற வேண்டி வரும்.

முன் சக்கரம், காற்று, பிரேக்

முன் அச்சு நட்டுக்கு பெரும்பாலும் 15 எம்எம் ஸ்பேனர். பெட்டிக்குள் வரும் தகரம் மாதிரியான ஸ்பேனரை விட, பக்கத்து மெக்கானிக்கிடம் நல்லதாக ஒன்று வாங்கிக்குங்க. கொக்கி வைத்த வாஷர் வந்திருந்தால் அது ஃபோர்க்கின் வெளிப்பக்கம், கொக்கி அதற்கான துளைக்குள். நட்டு தளர்ந்தாலும் சக்கரம் உடனே கழன்று விழாமல் பிடிப்பது அதுதான். இரண்டு நட்டையும் மாற்றி மாற்றி இறுக்குங்க.

காற்று அளவு டயர் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும். பழைய சைக்கிள் மாதிரி ரப்பர் வால்வு டியூப் இதில் பெரும்பாலும் கிடையாது, பைக்கில் இருக்கும் அதே வால்வுதான். பெட்ரோல் பங்க்கில் அடிக்கலாம்தான், ஆனா சின்ன டயர் நொடியில் நிரம்பிடும். கைப் பம்பு உத்தமம்.

பல பிஎம்எக்ஸ் வண்டிகளில் பின் பிரேக் மட்டுமே. லீவரை முழுசாப் பிடிச்சாலும் அது கைப்பிடியைத் தொடக் கூடாது. பிரேக் கட்டை ரிம்மில் படணும், டயரில் இல்லை. ஹேண்டில்பாரை முழுச் சுற்று சுற்ற உதவும் ‘ஜைரோ’ தட்டு உள்ள மாடல் என்றால் பிரேக் செட்டிங்கை மெக்கானிக்கிடமே விட்டுடுங்க.

முதல் ரைடு எங்கே?

தெருவில் வேண்டாம், காலி மைதானத்தில். ஹெல்மெட் போட்டு, செருப்பு இல்லாம ஷூ போட்டு. ஏறுவதற்கு முன் வண்டியை நாலு விரல் உயரம் தூக்கி லேசாகப் போடுங்க. எங்காவது ‘கலகல’ என்றால் ஏதோ ஒரு நட்டு கூப்பிடுது. முதல் பத்து நிமிஷம் மெதுவாக ஓட்டி, பிரேக்கை ஐந்தாறு முறை பிடித்துப் பார்த்துவிட்டு இறங்கி, ஸ்டெம், அச்சு நட்டு, பெடல் எல்லாவற்றையும் மறுபடி இறுக்கணும். புது வண்டியில் கேபிள் நீளும், போல்ட் படியும். முதல் வாரம் முழுக்க இந்தச் சோதனை தேவை.

சக்கரம் கோணலாகச் சுற்றினாலோ, பெடல் மரை ஏறலைன்னாலோ, கழுத்து ஆட்டம் போகலைன்னாலோ கடைக்குக் கொண்டு போயிடுங்க. போகும்போது பெட்டியில் வந்த சின்னப் பிளாஸ்டிக் கவரையும் எடுத்துக்குங்க. அந்தக் கொக்கி வாஷர் பல நேரம் அதுக்குள்ளதான் கிடக்கும்.