கேள்விக்குறி, கட்டம், புள்ளி வட்டம்: ரங்கூன் எழுத்துருவின் கதை

விண்டோஸில் தமிழுக்கு நிரல் எழுதிப் பார்த்தவங்களுக்கு மூணு வியாதி நல்லாத் தெரியும். ஒண்ணு, போட்ட தமிழெல்லாம் கேள்விக்குறியா மாறி நிக்கும். ரெண்டு, எழுத்துக்குப் பதிலா வரிசையா கட்டம் வரும். மூணு, எழுத்து வரும், ஆனா கொம்பு ஒரு பக்கம் ககரம் ஒரு பக்கம்னு பிரிஞ்சு நடுவுல புள்ளி புள்ளியா ஒரு வட்டம் முழிக்கும்.

இந்த மூணையும் நம்மை விடப் பல வருஷம் கூடுதலா அனுபவிச்ச ஊர் யாங்கோன். நம்ம தாத்தாக்கள் கப்பலேறிப் போன அதே ரங்கூன்தான். அங்க நடந்ததைப் படிக்கப் படிக்க, திஸ்கி, பாமினி, டாப் காலத்துல நாம பட்ட பாடும், அதுலேர்ந்து எவ்வளவு லேசாத் தப்பிச்சோம்ங்கிறதும் புரியுது. அதனாலதான் இந்தப் பதிவு.

முதல்ல வியாதிகளுக்கான காரணம்.

கேள்விக்குறிக்குக் காரணம் குறிப்பக்கம். விண்டோஸ் 95, 98 காலத்து நிரல்கள்ல ஒரு பைட்டுக்கு 256 இருக்கை. எந்த இருக்கையில எந்த எழுத்துன்னு சொல்ற அட்டவணைதான் குறிப்பக்கம். தாய் மொழிக்கு 874, அரபிக்கு 1256 அப்படின்னு விண்டோஸ் கொடுத்திருந்தது. தமிழுக்கும் கொடுக்கலை, பர்மிய மொழிக்கும் கொடுக்கலை. 1998-ல வந்த விஷுவல் பேசிக் 6-ல உள்ளுக்குள்ள எழுத்து யுனிகோடுதான். ஆனா திரையில இருக்கிற பெட்டிக்குப் போறப்ப குறிப்பக்கம் வழியாத்தான் போகும். இருக்கை இல்லாத எழுத்துக்கெல்லாம் ஒரு கேள்விக்குறியை வச்சு அனுப்பிடும். அதை அப்படியே கோப்புல சேமிச்சா முடிஞ்சது கதை. மூல எழுத்து போயே போச்சு, எந்த மருந்தும் கிடையாது. டெல்ஃபியிலும் 2009 பதிப்பு வரைக்கும் இதே கூத்துதான்.

கட்டத்துக்குக் காரணம் எழுத்துரு இல்லாதது. இது சாதாரண ஜலதோஷம். எழுத்துருவை நிறுவினா போயிடும்.

புள்ளி வட்டம்தான் பெரிய வியாதி. யுனிகோடுல 'கே' எழுதுனா முதல்ல ககரம், அப்புறம்தான் இரட்டைக் கொம்பு சேமிக்கப்படும். திரையில கொம்பை முன்னாடி தூக்கி வைக்கிற வேலையை விண்டோஸுக்குள்ள இருக்கிற யுனிஸ்கிரைப்ங்கிற பகுதி செய்யணும். தமிழுக்கு 2000-லயே லதா எழுத்துருவும் இந்த வசதியும் வந்தாச்சு. எக்ஸ்பியில மட்டும் வட்டார அமைப்புக்குப் போய் ஒரு பெட்டியில டிக் போட்டு, சிடியைச் செருகி, மறுபடி துவக்கணும். எத்தனை நண்பர்களுக்கு ஃபோன்லயே இதைச் சொல்லிக் கொடுத்திருப்போம் :-)

பர்மிய எழுத்திலும் நம்ம கொம்பு மாதிரியே ஒரு குறி உண்டு. சேமிக்கிறது பின்னாடி, தெரியறது முன்னாடி. அது போக, ஒரு மெய்க்குக் கீழே இன்னொரு மெய்யை அடுக்குற வழக்கமும் உண்டு. ஆனா எக்ஸ்பியில டிக் போட அவங்களுக்குப் பெட்டியே இல்லை. பர்மிய எழுத்துருவும் வரிசைப்படுத்துற வசதியும் விண்டோஸோடவே சேர்ந்து வந்தது 2012 அக்டோபர்ல, விண்டோஸ் 8-ல. நமக்கும் அவங்களுக்கும் நடுவுல பன்னிரண்டு வருஷ இடைவெளி.

அந்த இடைவெளியில என்ன நடந்ததுன்னுதான் இந்தக் கதை.

1999-ல வந்த யுனிகோடு 3.0-லயே பர்மிய எழுத்துக்கு இடம் கொடுத்தாச்சு. யாங்கோன்ல எம்ஐசிடி பார்க்னு ஒரு கணினி வளாகம் 2002-ல திறந்தாங்க. மொழி ஆய்வாளர்கள் தரத்துக்கு ஒத்த எழுத்துருக்களைச் செஞ்சாங்க. ஆனா முதல் ஏற்பாட்டுல சிக்கல்கள் இருந்ததால, 2008 ஏப்ரல்ல யுனிகோடு 5.1-ல சில குறிகளைப் புதுசாச் சேர்த்து திருத்த வேண்டியதாச்சு. தரம் நிலைக்கவே ஒன்பது வருஷம். அது நிலைச்ச பிறகும் எக்ஸ்பி அதைச் சரியாக் காட்டாது.

எழுதத் துடிக்கிறவன் தரத்துக்காகக் காத்திருப்பானா? அதுவும் அந்த ஊர்ல, அந்தக் காலத்துல? 2007 செப்டம்பர்ல பிக்குகள் தெருவுக்கு வந்தாங்க. படமும் செய்தியும் வெளியே போகுதுன்னு மாசக் கடைசியில நாட்டோட இணையத்தையே வெட்டிட்டாங்க. அந்தச் சமயத்துல 'கொஞ்சம் பொறுங்க, யுனிகோடு குழு முடிவு பண்ணட்டும்'னு யார்கிட்ட சொல்ல முடியும்?

அந்த வருஷங்கள்ல பரவினதுதான் ஸோஜி எழுத்துரு. பர்மியக் கதைகள்ல வர்ற ரசவாதி மந்திரவாதிதான் ஸோஜி. நம்ம 'யோகி'தான் அங்க போய் அப்படி ஆனாராம். பேருக்கேத்த வித்தைதான். கொம்பைப் பின்னாடி சேமிச்சு முன்னாடி காட்டுற வேலையே வேண்டாம், கண்ணுக்குத் தெரியற வரிசையிலயே தட்டு. அடுக்கெழுத்தா? ஒவ்வொரு துண்டையும் தனிப் படமா ஒரு இருக்கையில உட்கார வை. யுனிஸ்கிரைப் தேவையில்லை. எழுத்துருவை நிறுவினா எக்ஸ்பியில உடனே ஓடும். கேள்விக்குறி இல்லை, கட்டம் இல்லை, வட்டம் இல்லை. பிரவுசிங் சென்டர்காரர் முதல் வலைப்பதிவர் வரைக்கும் ஏன் கட்டிப்பிடிச்சுக்கிட்டாங்கன்னு தனியாச் சொல்லணுமா?

இங்கதான் நமக்கும் அவங்களுக்கும் பாதை பிரியுது. திஸ்கியும் பாமினியும் கூட இதே மாதிரி கண்ணுக்குத் தெரியற வரிசைதான். ஆனா நாம உட்கார்ந்தது ஆங்கில, ஐரோப்பிய எழுத்துகளோட இருக்கையில. எழுத்துரு இல்லாத கணினியில திறந்தா வாயில நுழையாத லத்தீன் குப்பை தெரியும். 'ஓ, இது திஸ்கி'ன்னு ஒரே பார்வையில கண்டுபிடிச்சு, சுரதாவோட பொங்குதமிழ்ல ஒட்டி யுனிகோடாக்கிடுவோம். பழசு எது, புதுசு எதுன்னு கணினிக்கும் குழப்பமில்லை, ரெண்டும் வேற வேற பேட்டை.

ஸோஜி உட்கார்ந்ததோ யுனிகோடு பர்மிய எழுத்துக்குன்னே ஒதுக்கின அதே பேட்டையில. உதாரணத்துக்கு 1039-ங்கிற இருக்கை. யுனிகோடு 5.1 கணக்குல அது மெய்யை அடுக்கச் சொல்ற, கண்ணுக்குத் தெரியாத குறி. ஸோஜியில அது நம்ம புள்ளி மாதிரி மேலே தெரியற குறி. எண் ஒண்ணு, அர்த்தம் ரெண்டு. ஒரு கோப்பைத் திறந்தா இது எதுன்னு நிரலுக்குத் தெரியவே தெரியாது.

கூடப் படிக்கிற யாங்கோன்காரர் ஒருத்தர் ஒரு சின்ன டாட்நெட் நிரலைக் காட்டினார். பேரைத் தேடினா கிடைக்கலை, பட்டியல்ல கண் முன்னாடி அதே பேர் இருக்கு. தரவுத்தளம், வரிசைமுறை அமைப்பு, எழுத்துரு எல்லாத்தையும் மாத்திப் பார்த்து அலுத்துட்டார். கடைசியில எழுத்துகளோட எண்ணை அச்சடிச்சுப் பார்த்தா பாதிப் பேர் ஸோஜி, பாதிப் பேர் யுனிகோடு. ஸோஜிக்குள்ளயே ஒரே எழுத்தை ரெண்டு மூணு வரிசையில தட்டலாம், எல்லாம் ஒண்ணு போலத்தான் தெரியும். கண்ணுக்கு ஒரே பேர், கணினிக்கு நாலு பேர். பள்ளிக்கூடப் பதிவேடும் வங்கிக் கணக்கும் இப்படி இருந்தா என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க.

2014-ல வெளிநாட்டு நிறுவனங்கள் வந்து சிம் கார்டு விலை 1500 சாட்டுக்கு இறங்கினப்ப, தேசமே ஒரே மூச்சுல செல்பேசிக்கு மாறிச்சு. ஸோஜியும் கூடவே அதுல ஏறிச்சு. பலருக்கு இணையம்னாலே ஃபேஸ்புக்தான். 2017 ஆகஸ்டுக்குப் பிறகு ரோஹிங்யா மக்கள் ஏழு லட்சத்துக்கும் மேல எல்லை தாண்டி ஓடினாங்க. வெறுப்புப் பதிவுகளைத் தடுக்கத் தவறினதாக் குற்றச்சாட்டு எழுந்தப்ப, 2018 ஆகஸ்டுல ஃபேஸ்புக் சொன்ன காரணங்கள்ல ஒண்ணு, எழுத்துக் குறியீடு ஒண்ணா இல்லாததால அந்தப் பதிவுகளைக் கண்டுபிடிக்கிறது கஷ்டமா இருக்குன்னு. அது மட்டுமே காரணம்னு நான் நம்பலை, பர்மிய மொழி தெரிஞ்ச ஆட்களை வேலைக்கு வைக்கிறதுக்கு எந்த எழுத்துரு தடுத்தது? ஆனா குறியீட்டுக் குழப்பம் உயிர் சம்பந்தப்பட்ட விஷயத்துல கூட ஒரு சாக்கா நிக்க முடிஞ்சதே, அது போதும்.

இன்னொரு பலியைப் பத்தி அதிகம் பேச்சில்லை. ஸோஜி அடுக்கெழுத்துத் துண்டுகளை வச்ச காலி இருக்கைகள் உண்மையில ஷான், மோன், கரேன் மொழி எழுத்துகளுக்குப் போக வேண்டியவை. 5.1-ல அவங்களுக்கு முறையா எழுதிக் கொடுத்தப்ப வீட்டுல ஏற்கெனவே வேற ஆள் குடியிருந்தாங்க. ஷான் மொழியில ஒருத்தர் சரியாத் தட்டி அனுப்பினா, ஸோஜி செல்பேசியில பர்மியத் துண்டுகளா சிதறித் தெரியும். பெரும்பான்மை மொழிக்காரர் போட்ட ஒட்டுக்குச் சிறுபான்மை மொழிக்காரர் வாடகை கட்டினார்.

தீர்வும் சுலபமா வரலை. 2018-ல கூகுள் வெளியிட்ட மியன்மார் டூல்ஸ், ஒரு துண்டு எழுத்தைப் பார்த்து இது ஸோஜியா இருக்க எவ்வளவு வாய்ப்புன்னு பூஜ்யத்துக்கும் ஒண்ணுக்கும் நடுவுல ஒரு மதிப்பெண் போடும். ஆமாம், ஊகம்தான்! 2019 அக்டோபர் 1-ஐ அரசாங்கம் மாறுதல் நாளா அறிவிச்சது. ஃபேஸ்புக் தானா மாத்திக் காட்டுற வசதியைச் சேர்த்தது. நாம 2003, 2004-ல வலைப்பதிய வந்தப்ப ஒரு டிக்கும் ஒரு இ-கலப்பையும் வச்சுத் தாண்டினதை, அவங்க தாண்ட இத்தனை தேவைப்பட்டது.

நிரல் எழுதுறவங்களுக்கு இதுல எடுத்துக்க மூணு விஷயம். எழுத்து கோணலாத் தெரிஞ்சா நிரலைத் திட்டறதுக்கு முன்னாடி எண்ணை அச்சடிச்சுப் பாருங்க. எந்தக் குறியீடு வந்தாலும் வாசல்லயே மாத்திட்டு, உள்ளே யுனிகோடு மட்டும் வச்சுக்குங்க. மாத்தறதுக்கு முன்னாடி மூலக் கோப்போட ஒரு பிரதியை அப்படியே எடுத்து வைங்க, ஏன்னா கேள்விக்குறி ஆனது திரும்ப வராது.

ஸோஜியைச் செஞ்சவங்களைத் திட்ட எனக்கு மனசு வரலை. பன்னிரண்டு வருஷம் ஒரு தேசத்தை எழுத வச்சது அந்த எழுத்துருதான். ஆனா இன்னைக்கு ஓடினா போதும்னு போட்ட ஒட்டு, நாளைக்கு அடுத்தவன் இருக்கையில உட்கார்ந்திருக்குமான்னு ஒரு தடவை பார்த்துக்கலாம். உங்க வீட்டுப் பழைய வட்டுகள்ல பாமினியிலோ திஸ்கியிலோ தூங்குற கோப்பு ஏதாவது இருந்தா, எழுப்பின கதையைப் பின்னூட்டத்துல சொல்லுங்க.