புலியுகிர்: முத்துக்கரையின் மறந்த வாசனை

சிலப்பதிகாரத்தில் மாதவி நீராடும் நீர் வெறும் நீரன்று. 10 வகைத் துவரும் 5 வகை விரையும் 32 வகை ஓமாலிகையும் ஊறிய நீர் என்கிறது கடலாடு காதை. அந்த 32 பொருள்கள் எவை என்பதை அடியார்க்குநல்லார் உரையால் அறிகிறோம். இலவங்கம், ஏலம், தக்கோலம், நன்னாரி, மாஞ்சி, புழுகு என்று ஓரளவு பழகிய பெயர்களாகவே வந்துகொண்டிருக்கும் பட்டியலில் திடீரென்று 'புலியுகிர்' குறுக்கிடுகிறது. புலியின் நகத்துக்கும் வாசனைக்கும் என்ன உறவு?

விடை காட்டில் இல்லை, கடலில் இருக்கிறது. கடல்நத்தைகளும் சங்கும் உடலை உள்ளிழுத்துக்கொண்டு வாயை அடைத்துக்கொள்ளும் மூடி, பழுப்பு நிறத்தில் கொம்புபோல் தடித்து, நகத்தின் வடிவில் இருக்கும். இதையே வடமொழியார் 'நகம்' என்றனர். 6ஆம் நூற்றாண்டின் வராகமிகிரர் பிருகத்சம்கிதையில் 16 மணப்பொருள்களைக் கொண்டு 1,74,720 கலவைகள் செய்யலாம் என்று கணக்கிடுகிறார். அந்தப் பதினாறில் நகமும் உண்டு, வியாக்ரநகமும் உண்டு. பின்னதன் நேர்த்தமிழே புலியுகிர். (அதைச் செடியென்று கொள்வாரும் உளர். நமக்கு நகத்தின் ஒரு வகையாகவே படுகிறது.) கிரேக்கர் இதே மூடியை 'ஓனிக்ஸ்' என்றனர், அரபியர் 'அழ்ஃபார்' என்றனர். எல்லாவற்றுக்கும் பொருள் நகமே. முதல் நூற்றாண்டுக் கிரேக்க மருத்துவர் டயாஸ்கொரிடீஸ், சடாமாஞ்சி விளையும் இந்திய ஏரிகளில் அதைத் தின்று வளரும் நத்தைகளால்தான் இம்மூடி மணக்கிறது என்று எழுதிவைத்தார். கதைதான், ஆயினும் அழகான கதை.

உண்மை அத்தனை மணமானதன்று. மூடியைத் தனியே நெருப்பிலிட்டால் முடி கருகும் நாற்றமே எழும். பக்குவப்படுத்திப் பிற பொருள்களோடு சேர்க்கும்போதுதான் அது அவற்றின் மணத்தை ஆழப்படுத்தி நெடுநேரம் நிறுத்துகிறது. யூதர்களின் ஆலயத் தூபத்துக்கு இதைக் காரநீரில் தேய்த்துத் திராட்சைமதுவில் ஊறவைத்ததாகத் தால்முத் கூறும்.

தூத்துக்குடிக் கரைக்கு நாற்றம் புதிதன்று. முத்துச் சலாபம் நடந்த காலங்களில் சிப்பிகளைக் குவித்து அழுகவிட்டுத்தான் முத்தெடுத்தார்கள். ஈக்களையும் துர்நாற்றத்தையும் பற்றிப் புலம்பாத வெள்ளைக்காரப் பயணி அரிது! அச்சலாபங்கள் 1961ஓடு முடிந்தன. சங்கு குளித்தல் அதன் பிறகும் தொடர்ந்தது. ஜேம்ஸ் ஹார்னெல் 1914இல் ஒரு நூலே எழுதுமளவுக்குப் பெருமை கொண்ட சங்கு, வங்காளத்துக்கு வளையலாகப் போயிற்று. மன்னார் வளைகுடாவின் சங்கு, நத்தை மூடிகளோ ஊதுவத்திக்கும் அரபுநாட்டுத் தூபங்களுக்குமாக விலைபோயின. முத்தைப் பாடிய புலவர்கள் பலர். மூடியைப் பாடியவர் எவரையும் நாம் அறியோம்.

இன்று உலகெங்கும் வாசனைப் பிரியர்கள், உற்பத்தி நின்றுபோன பழைய திரவியப் புட்டிகளைத் தேடி அலைகிறார்கள். 1917இல் கோத்தி நிறுவனம் வெளியிட்ட 'ஷீப்ர்' அப்படி மறைந்த ஒன்று. ஆனால் பிரான்சின் வெர்சாய் நகரில் 1990இல் தொடங்கப்பட்ட 'ஓஸ்மோதேக்' என்ற வாசனைக் காப்பகம் அதை மீட்டுருவாக்கி வைத்திருக்கிறது. செய்முறை கைக்கெட்டினால் செத்த வாசனையும் எழும். மாதவியின் நீருக்கு அந்த வாய்ப்பில்லை. உரையாசிரியர் நமக்குப் பெயர்களை விட்டுச்சென்றார்; எது எவ்வளவு, எதை எப்படிச் சுத்தி செய்வது என்பதை அந்தப் பட்டியல் சொல்லவில்லை. அவர் காலத்தில் அது சொல்லத் தேவையற்ற செய்தியாக இருந்திருக்கும். பட்டியலின் பெரும்பகுதியை நாட்டுமருந்துக் கடையில் இன்றும் வாங்கிவிடலாம். புலியுகிரைக் கையாளும் பக்குவம்தான் நம்மிடம் இல்லை.

சூடான் நாட்டில் இருக்கிறது. அங்கே மணப்பெண்ணுக்கென்று பெண்கள் வீட்டிலேயே கூட்டும் வாசனைக் கலவைகளில் இம்மூடியை வறுத்துப் பொடித்துச் சேர்க்கிறார்கள். அதற்கு அவர்கள் இட்டிருக்கும் பெயர் 'துஃப்ரா'. அதற்கும் நகம் என்றே பொருள்.