இரவு ஷிஃப்ட்டும் சர்வர் அறையும்

சர்வரை எப்போது புதுப்பிப்பீர்கள் என்று கணினி படிக்கும் மாணவிகளிடம் கேட்டால், "அப்டேட் வரும்போது" என்பார்கள். நடப்பில் அப்படி முடியாது. யாரும் அதைப் பயன்படுத்தாதபோதுதான் கை வைக்க முடியும். புதுவாயல் கூட்டுச்சாலையிலிருந்து கும்மிடிப்பூண்டி சிப்காட் வரை நெடுஞ்சாலையை ஒட்டியுள்ள ஆலைகளில் அந்த நேரம் இரவில்தான் கிடைக்கும். இரண்டாம் ஷிஃப்ட் இறங்கி மூன்றாம் ஷிஃப்ட் ஏறும் இடைவெளியில் ஸ்டோர்ஸ் கணக்கு, எடைமேடை ரசீது, வருகைப்பதிவு எல்லாம் சற்று ஓயும். அந்த அரைமணி நேரத்தில்தான் பேட்ச் போட வேண்டும், சர்வரை ரீஸ்டார்ட் செய்ய வேண்டும், அது ஒழுங்காக எழுந்துவிட்டதா என்று பார்க்க வேண்டும்.

அந்த நேரத்தில் தொழிற்சாலைக்குள் பெண் இருக்கக் கூடாது என்பது அரை நூற்றாண்டுக்கு மேல் இங்கே சட்டமாக இருந்தது. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், 66ஆம் பிரிவு, காலை 6 மணிக்கும் மாலை 7 மணிக்கும் இடையில் மட்டுமே பெண்களை வேலைக்கு வைக்கலாம் என்றது. மாநில அரசு விரும்பினால் எல்லையைச் சற்றுத் தளர்த்தலாம். ஆனால் இரவு 10 முதல் காலை 5 வரை எந்தத் தளர்வும் கிடையாது. இதற்கு முன்னோடி, 1919இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு தன் முதல் மாநாட்டிலேயே ஏற்றுக்கொண்ட, பெண்களின் இரவுப்பணி குறித்த உடன்படிக்கை. பெண்ணின் பாதுகாப்பு என்பதே இவற்றுக்கெல்லாம் சொல்லப்பட்ட காரணம்.

சர்வர் பார்ப்பவர் சட்டப்படி 'தொழிலாளி'யா, அலுவலக ஊழியரா என்று வழக்கறிஞர்கள் வாதிடலாம். ஆலைக் கேட்டில் யாரும் அப்படி வாதிட்டு நான் பார்த்ததில்லை. மாலை 7 மணிக்கு மேல் வருகைப்பதிவில் பெண் பெயர் இருந்தால் மறுநாள் கேள்வி வரும், அவ்வளவுதான்.

2000 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் இந்த இரவுத் தடையை அரசமைப்புக்கு முரணானது என்று கூறிச் செல்லாததாக்கியது. பஞ்சாலைகளில் இரவு ஷிஃப்ட் மறுக்கப்படுவது பற்றிய வழக்கு அது. பால் அடிப்படையில் பாகுபாடு காட்டக் கூடாது என்ற அரசமைப்புப் பிரிவின் முன் 66ஆம் பிரிவு நிற்கவில்லை. கூடவே நீதிமன்றம் நிபந்தனைகளும் விதித்தது: போக்குவரத்து வசதி வேண்டும், ஓய்வறை வேண்டும், பாலியல் தொல்லைக்கு எதிரான ஏற்பாடு வேண்டும், இரவில் பெண்களைத் தனியாக அல்லாமல் குழுவாகவே பணிக்கு வைக்க வேண்டும். நூற்பு எந்திரங்கள் வரிசையாக ஓடும் கூடத்துக்கு அந்தக் கடைசி நிபந்தனை பொருத்தமானது. ஆனால் சர்வர் அறைக்கு ஒரு நாற்காலிதான். இரவில் அங்கே ஓர் ஆள் போதும் என்பதுதான் நிர்வாகத்தின் கணக்கு, அந்த ஓர் ஆள் பெண்ணாக இருக்க முடியாது என்பது அந்தக் கணக்கிலிருந்து தானாக வந்துவிடும். தடை போன பிறகும் பழக்கம் நீடித்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

இது தொடக்கத்திலிருந்தே ஆண்களின் வேலை என்று சொல்கிறவர்களுக்கு வரலாறு தெரியாது. இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெட்டில் எந்தக் கணினி எந்த முகவரியில் இருக்கிறது என்ற ஒரே பட்டியலை வைத்திருந்தது கலிஃபோர்னியாவின் ஸ்டான்ஃபோர்டு ஆய்வு நிறுவனத்தில் இயங்கிய தகவல் மையம். அதை 1972 முதல் 1989 வரை எலிசபெத் ஃபெய்ன்லர் நடத்தினார். புதிய கணினியைச் சேர்க்க வேண்டுமானால் அவருடைய அலுவலகத்துக்குச் சொல்ல வேண்டும். டாட் காம், டாட் எஜு போன்ற பெயர்ப்பிரிவுகள் உருவானதிலும் அவருடைய குழுவுக்குப் பங்குண்டு. பதிவேடு வைப்பது குமாஸ்தா வேலை, அதனால் பெண்ணிடம் விடலாம் என்று அன்று யாராவது நினைத்திருக்கலாம். அந்தப் பதிவேடு இல்லாமல் வலையமைப்பே இல்லை.

1988 நவம்பர் 2ஆம் தேதி மாலை, கார்னெல் பல்கலைக்கழக மாணவர் ராபர்ட் மாரிஸ் எழுதிவிட்ட 'புழு' யூனிக்ஸ் கணினிகளுக்குள் பரவியது. அஞ்சல் அனுப்பும் சென்ட்மெயில் நிரலில் இருந்த ஓட்டை, ஃபிங்கர் சேவையில் இருந்த இன்னோர் ஓட்டை, எளிதில் ஊகிக்கக்கூடிய பாஸ்வேர்டுகள் ஆகிய மூன்றும் அதற்கு வழிவிட்டன. சுமார் 6,000 கணினிகள் பாதிக்கப்பட்டதாக அன்று மதிப்பிட்டார்கள். பெர்க்லியிலும் எம்.ஐ.டி.யிலும் இரவெல்லாம் விழித்திருந்து மருந்து கண்டுபிடித்தார்கள். கணினி அவசரநிலைக்கென்று முதல் குழுவான செர்ட் அமைக்கப்பட்டது அதன் பிறகுதான். சிஸ்டம் அட்மின் என்றால் இரவில் விழித்திருப்பவர் என்ற படிமம் இப்படிப்பட்ட இரவுகளில்தான் உறுதிப்பட்டது.

அதற்கு மறுவருடம், 1989இல், இந்தத் தொழிலின் பாடநூலாகிப்போன 'யூனிக்ஸ் சிஸ்டம் அட்மினிஸ்ட்ரேஷன் ஹேண்ட்புக்' வந்தது. முதல் ஆசிரியர் ஈவி நெமெத், கொலராடோ பல்கலைக்கழகப் பேராசிரியர். 1991இல் ஈலீன் ஃபிரிஷ் எழுதிய இன்னொரு கையேடு வந்தது. ஆக, ஆண்களின் தொழில் என்று சொல்லப்படுவதை ஒரு தலைமுறை ஆண்கள் கற்றுக்கொண்டது பெண்கள் எழுதிய இரண்டு புத்தகங்களிலிருந்து. நெமெத் பணி ஓய்வுக்குப் பின் கடலோடியானார். 2013இல் நியூசிலாந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் இடையில் அவர் சென்ற படகு காணாமல் போனது. அவர் பெயரை நான் எந்த வகுப்பறையிலும் கேட்டதில்லை. புத்தகத்தின் அட்டையில்தான் முதலில் பார்த்தேன்.

1989இலேயே வந்த இன்னொரு புத்தகமும் இங்கே நினைவுக்கு வருகிறது. அலுவலகத்திலிருந்து திரும்பிய பெண்ணுக்கு வீட்டில் காத்திருக்கும் வேலையை 'இரண்டாம் ஷிஃப்ட்' என்று பெயரிட்டு ஆர்லி ஹோக்ஷில்ட் எழுதியது. இதற்குப் பிறகு வருவேன்.

நம் பக்கம் என்ன நடந்தது? 1993இல் தொடங்கிய டெபியன் என்ற லினக்ஸ் தொகுப்புக்கு, அதைத் தொடங்கிய இயன் மர்டாக் தன் காதலி டெப்ராவின் பெயரையும் தன் பெயரையும் சேர்த்து வைத்தார். டெபியனை அடிப்படையாகக் கொண்டு சென்னையில் சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் 2007இல் வெளிவந்தது. அதே காலத்தில் உமாசங்கர் மேலாண்மை இயக்குநராக இருந்த எல்காட் நிறுவனம் சூசே லினக்ஸுக்கு மாறிக்கொண்டிருந்தது. உரிமக் கட்டணம் மிச்சம் என்பதே அன்று அதிகம் பேசப்பட்டது. பராமரிக்க ஆள் வேண்டும், ஆளுக்குச் சம்பளம் வேண்டும் என்பதை அந்த அளவுக்கு யாரும் பேசவில்லை.

2011 செப்டம்பர் 15 அன்று விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது நம்முடைய திருவள்ளூர் மாவட்டத்தில்தான். அதே நாளில் மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறித் திட்டமும் தொடங்கியது. அம்மாவுக்கு ஒன்று, மகளுக்கு ஒன்று. அந்த மடிக்கணினிகளில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் இருந்தது. பலர் அதைத் திறக்கவேயில்லை. திறந்து பார்த்த பெண்கள் சிலர் இருந்தார்கள். கருப்புத் திரையில் கட்டளை தட்டி மென்பொருள் நிறுவப் பழகிய அந்தக் கை, டெபியன் சர்வர் முன் உட்கார்ந்தபோது திணறவில்லை. இரண்டுக்கும் ஒரே அடிப்படை, ஒரே கட்டளைகள். கணினி மையத்துக்குப் போக வேண்டாம், அண்ணன் எழுந்திருக்கும்வரை காத்திருக்க வேண்டாம். கணினி அவள் பெயரில் வந்தது. இதை நலத்திட்டங்களின் வரலாற்றில் எழுதுகிறார்கள். இந்தத் தொழிலின் வரலாற்றிலும் எழுத வேண்டும்.

இனி 2017. மே 12 அன்று வான்னாக்ரை விண்டோஸ் கணினிகளைப் பூட்டிப் பணம் கேட்டது. நம்முடையது லினக்ஸ், கவலையில்லை என்று எங்கள் வட்டாரத்தில் நிம்மதியாக இருந்தவர்கள் உண்டு. சரியாக 12 நாள் கழித்து, மே 24 அன்று, சாம்பாவில் ஓட்டை இருப்பது வெளியானது. லினக்ஸ் சர்வரில் இருக்கும் கோப்புகளை விண்டோஸ் கணினிகள் பகிர்ந்துகொள்ள உதவுவது சாம்பா. அந்த ஓட்டை 2010 முதலே இருந்திருக்கிறது. பகிர்ந்த ஃபோல்டரில் எழுத முடிந்த எவரும் அங்கே ஒரு கோப்பை வைத்து, அதைச் சர்வரே முழு அதிகாரத்துடன் இயக்கும்படி செய்துவிடலாம். எல்லாரும் எழுதக்கூடிய ஒரு 'காமன்' ஃபோல்டர் இல்லாத ஆலை எது?

நான் அப்போது வேலை பார்த்த இடத்தில் பல மாதங்களாகப் புதுப்பிக்காத சர்வர் அது. மதியச் சாப்பாட்டு இடைவேளையில், ஓட்டையை அடைக்கும் ஒரு வரியை அமைப்புக் கோப்பில் சேர்த்து சாம்பாவை மட்டும் ரீஸ்டார்ட் செய்தேன். அது தற்காலிகம்தான். முழுமையான அப்டேட்டுக்கு அன்றிரவு இருக்கிறேன் என்று மேலாளரிடம் கேட்டேன். "ராத்திரில நீ எதுக்கும்மா? தம்பி பாத்துக்குவான்" என்றார். அக்கறையாகத்தான் சொன்னார். தம்பி வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது.

அப்டேட் ஓடும்போது இடையில் ஒரு கேள்வி வரும்: அமைப்புக் கோப்பில் நீங்கள் செய்த மாற்றங்களை வைத்துக்கொள்ளவா, புதிய கோப்பைப் போடவா? புதியதுதான் நல்லது என்று அவன் நினைத்தான். யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைப்பார்கள், சொல்லிக்கொடுக்காவிட்டால். எந்தப் பிரிவு எந்த ஃபோல்டரைப் பார்க்கலாம் என்று நான் எழுதிவைத்திருந்ததெல்லாம் போனது. விடிகாலையில் ஸ்டோர்ஸில் ஃபோல்டர் இல்லை, டெஸ்பாட்ச் நின்றது. எனக்கு போன் வந்தபோது மணி 6. சட்டத்தின் பழைய வாசகப்படியும் நான் வேலை செய்யத் தகுந்த நேரம்.

அதன் பிறகு ஓர் ஏற்பாட்டுக்கு வந்தோம்: வீட்டிலிருந்தே பார்ப்பது. இதைச் சாத்தியமாக்கியது 1995இல் ஃபின்லாந்தின் தாத்து யுலோனன் எழுதிய எஸ்.எஸ்.எச். அதற்கு முன்னால் டெல்நெட்டில் பாஸ்வேர்டு திறந்த அஞ்சலட்டை போலக் கம்பியில் போகும். தன் பல்கலைக்கழக வலையில் யாரோ பாஸ்வேர்டுகளைத் திருடியதைப் பார்த்துத்தான் யுலோனன் இதை எழுதினார். பெண் ஆலைக்குள் இரவில் நுழையாமலே சர்வருக்குள் நுழையலாம் என்றானது இதனால்தான். ஆனால் நான் நுழையக் கதவு வைத்தால் மற்றவர்களுக்கும் அது கதவுதான். வெளியுலகுக்கு 22ஆம் போர்ட்டைத் திறந்த முதல் இரவே லாக் பக்கம் பக்கமாக நிரம்பியது: ரூட், அட்மின், டெஸ்ட், ஆரக்கிள் என்று ஒவ்வொரு பெயராக எந்திரங்கள் கதவைத் தட்டிக்கொண்டிருந்தன. மறுநாளே மூடினேன். வி.பி.என். வழியாக மட்டும் அனுமதி, பாஸ்வேர்டு கிடையாது, சாவிக்கோப்பு மட்டும், ரூட் நேரடியாக நுழைய முடியாது, தவறாகத் தட்டும் முகவரியைச் சிலமுறைக்குப் பின் தடுக்கும் நிரல். முழுப் பாதுகாப்பு என்றால் வெளிக்கதவே வேண்டாம், ஆள் நேரில் வர வேண்டும். நேரில் வர என்னை விடமாட்டார்கள். ஆகவே சர்வரின் பாதுகாப்பில் ஒரு பங்கை என் 'பாதுகாப்பு'க்காக விட்டுக்கொடுத்தோம். எந்தத் தணிக்கை அறிக்கையிலும் இதை இப்படி எழுதமாட்டார்கள்.

ஹோக்ஷில்டுக்குத் திரும்புகிறேன். ஆலையின் மூன்றாம் ஷிஃப்ட் என் வீட்டுக்குள் வந்தது. பாத்திரம் கழுவி, குழந்தையைத் தூங்கவைத்து, 11 மணிக்குச் சமையல் மேடையில் லேப்டாப்பைத் திறக்கிறேன். வீட்டில் இருப்பதால் அதை யாரும் இரவுப்பணி என்று எண்ணவில்லை. ஆலைப் பதிவேட்டில் என் நேரம் மாலை 5:30க்கே முடிந்துவிடுகிறது. 2000ஆம் ஆண்டுத் தீர்ப்பின் நிபந்தனைகள் எதுவும் சமையலறைக்குப் பொருந்தா. 2022 ஏப்ரல் 28 அன்று செர்ட்-இன் புதிய உத்தரவு பிறப்பித்தது: சைபர் தாக்குதல் தெரியவந்த 6 மணி நேரத்துக்குள் அறிவிக்க வேண்டும், 180 நாள் லாக் இந்தியாவுக்குள் வைத்திருக்க வேண்டும். நல்ல விதிதான். ஆனால் இரவு 1 மணிக்குத் தெரிந்தால் காலை 7க்குள் அறிக்கை போக வேண்டும். அந்த 6 மணி நேரம் யாருடையது என்று உத்தரவில் இருக்காது.

கட்டற்ற மென்பொருள் உலகமும் இப்படிப்பட்ட கணக்கில் வராத உழைப்பின் மேல்தான் நிற்கிறது. 2014இல் ஹார்ட்பிளீட் ஓட்டை வெளியானபோது, உலகின் வங்கிகளும் கடைகளும் நம்பியிருந்த ஓப்பன் எஸ்.எஸ்.எல்.லுக்கு நன்கொடையாக வருடத்துக்கு 2,000 டாலர் அளவில்தான் வந்துகொண்டிருந்தது என்று தெரிந்தது. 2024 மார்ச் 29 அன்று தெரியவந்த எக்ஸ்.இசட். விவகாரம் இன்னும் கூர்மையானது. கோப்புகளைச் சுருக்கும் ஒரு சிறு நிரல். அதைப் பல ஆண்டுகளாகச் சும்மா பராமரித்துவந்தவர் லாஸ்ஸே காலின். களைத்திருக்கிறேன், மனநலம் சரியில்லை என்று அவர் வெளிப்படையாகச் சொன்ன காலத்தில், அறிமுகமற்ற பெயர்களிலிருந்து நச்சரிப்பு வந்தது: ஏன் தாமதம், வேறு யாரிடமாவது கொடுங்கள். உதவிக்கு வந்த 'ஜியா டான்' என்ற பெயர் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் நல்ல பிள்ளையாக வேலை செய்து, பிறகு எஸ்.எஸ்.எச்.சுக்குள் நுழையும் கள்ளக்கதவைச் செருகியது. உள்நுழைய அரை நொடி கூடுதலாக ஆகிறதே என்று ஆண்ட்ரெஸ் ஃபிராயண்ட் என்ற பொறியாளர் உறுத்தலோடு தோண்டிப் பார்த்ததால் பிடிபட்டது. பரவலாகப் பயன்படும் நிலையான பதிப்புகளுக்குள் அது அதுவரை வரவில்லை. தாக்கியவர்கள் முதலில் உடைத்தது நிரலை அல்ல, ஓய்வில்லாமல் ஒரே ஆளாகக் கவனித்துக்கொண்டிருந்தவரை. வீட்டில் நோயாளியையோ குழந்தையையோ தனியாகப் பார்த்துக்கொண்ட பெண்களுக்கு அந்த மின்னஞ்சல்களின் தொனி புதிதாக இருக்காது.

புதுவாயல் பக்கத்துக் கல்லூரிகளிலிருந்து இப்போது பயிற்சிக்கு மாணவிகள் வருகிறார்கள். முதல் நாள் லாக் படிக்கக் கற்றுக்கொடுப்பேன். எந்தக் கோப்பை மாற்றினாலும் முதலில் அதன் நகலை எடு, கேள்வி வந்தால் பழையதை வைத்துக்கொள் என்பது இரண்டாம் நாள். போன மாதம் ஒரு பெண், இரவு அழைப்பு யாருக்கு எந்தக் கிழமை என்று சுவரில் ஒட்டியிருந்த அட்டவணையைப் பார்த்தாள். தம்பிக்கு மூன்று நாள், எனக்கு நான்கு நாள்.

"இதுக்கு நைட் அலவன்ஸ் உண்டாக்கா?" என்று கேட்டாள்.

இத்தனை வருடத்தில் நான் அதைக் கேட்டதேயில்லை. அன்று மாலையே எச்.ஆருக்கு மெயில் அனுப்பினேன், தம்பியின் பெயரையும் சேர்த்து. இன்னும் பதில் வரவில்லை.