பால்பல்லின் மேல் விழுந்த பழி

ஈப்போ நகரின் சிலிபின் பகுதி, லூர்து மாதா ஆலயத்தைச் சூழ்ந்து தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்துவரும் இடமாகும். ரப்பர்த் தோட்டங்கள் ஒவ்வொன்றாகக் கைமாறியும் அழிந்தும் போனபின் தோட்டப்புற மக்கள் பலர் ஈப்போவையும் அதன் சுற்றுப்புறங்களையும் நாடி வந்தனர். அவர்கள் கொண்டுவந்த உடைமைகள் மிகச் சில. ஆனால் பாட்டிமார் நெஞ்சில் சுமந்து வந்த கைமருந்து அறிவுக்கு மூட்டையும் தேவைப்படவில்லை, பெட்டியும் தேவைப்படவில்லை. குழந்தைக்குப் பல் முளைக்கும் காலத்து வைத்தியம் அவ்வறிவின் ஒரு சிறு கூறு. அதன் வரலாற்றை ஆராயின், ஒரு பெரும் தவறான நம்பிக்கையின் வரலாறும் உடன் புலப்படும்.

குழந்தையின் வளர்ச்சியைப் பத்துப் பருவங்களாக வகுத்துப் பாடியது தமிழ்ப் பிள்ளைத்தமிழ் மரபு. செங்கீரையாடுவதும் சப்பாணி கொட்டுவதும் தளர்நடையிட்டு வருவதும் அங்கே பருவங்களாயின. பல் முளைக்கும் பருவம் மட்டும் அப்பட்டியலில் இடம்பெறவில்லை. புலவர் விட்டதை வீட்டுப் பெண்கள் விடவில்லை. யாழ்ப்பாணத் தமிழர் முதற்பல் கண்டதும் பல்லுக்கொழுக்கட்டை அவித்துக் கொண்டாடுவர். ரயில்வேயிலும் அரசாங்க அலுவலகங்களிலும் பணிபுரிய மலாயாவுக்கு வந்த யாழ்ப்பாணத்தார் அவ்வழக்கத்தையும் தம்முடன் கொணர்ந்தனர். தமிழகத்திலிருந்து தோட்டத்துக்கு வந்தோரின் வீடுகளிலோ கொண்டாட்டத்தைவிடக் கவலையே மிகுந்திருந்தது.

அக்கவலைக்குக் காரணம் இருந்தது. 1877ஆம் ஆண்டு கோலகங்சாரில் ரப்பர்க் கன்றுகள் ஊன்றப்பட்டன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பேராக் மாநிலமெங்கும் பால்மரக் காடுகள் பரவின. விடியுமுன் பெரட்டுக்குச் செல்லும் தாய், கைக்குழந்தையை ஆயாக்கொட்டகையில் விட்டுச் செல்வாள். அங்கே வயது முதிர்ந்த ஒருத்தியின் பொறுப்பில் பல குழந்தைகள் தொட்டிலிற் கிடக்கும். பல் முளைக்கும் நாட்களில் குழந்தை வாய்நீர் வடிப்பதும், கைக்கெட்டியதைக் கடிப்பதும், இரவில் உறங்காது அழுவதும் இயல்பு. மறுநாள் மரம் வெட்டப் போகவேண்டிய தாய்க்கு அவ்வழுகை பெருஞ்சுமையாயிற்று.

அச்சுமையைக் குறைக்க அவளுக்குக் கிட்டியது உரைமருந்து. சாதிக்காய், மாசிக்காய், கடுக்காய், சுக்கு, வசம்பு ஆகியவற்றைக் கல்லில் ஓரிரு இழைப்பு இழைத்துத் தாய்ப்பாலிற் குழைத்து நாவில் தடவுவர். வசம்பை விளக்கெண்ணெயில் நனைத்துச் சுட்டுக் கரியாக்கிப் பயன்படுத்துவதும் உண்டு. பிள்ளை வளர்ப்பான் என்றும், பேர் சொல்லா மருந்து என்றும் போற்றப்பட்ட அவ்வேரினை மலாய் மக்களும் ‘ஜெராங்காவ்’ என்னும் பெயரால் அறிவர். துவர்ப்புள்ள மாசிக்காயைத் தேனில் இழைத்து ஈறின்மேல் தேய்ப்பாரும் இருந்தனர்.

இம்மருந்துகளில் குழந்தையை ஆற்றியது எது? மருந்தின் பங்கு எவ்வளவாயினும், தடவிய விரலின் பங்கு அதனினும் பெரிது. வெளிவரும் பல் ஈற்றை உள்ளிருந்து அழுத்துகிறது. வெளியிலிருந்து மெல்ல அழுத்தினால் நோவு தணிகிறது. மடியிற் கிடத்தி ஈற்றைத் தேய்த்த பாட்டி, தன்னையறியாமலே சிறந்த வைத்தியத்தைச் செய்தாள்.

அக்காலத்து மேலைநாடுகள் இதனினும் மேலான வழியைக் கண்டிருந்தனவா எனின், இல்லை. பதினாறாம் நூற்றாண்டில் பிரெஞ்சு அறுவை மருத்துவர் அம்புருவாஸ் பாரே, எட்டு மாதத்தில் இறந்த ஒரு பிரபுவின் மகனது ஈற்றைக் கீறிப் பார்த்தார். உள்ளே பற்கள் வெளிவர ஆயத்தமாயிருக்கக் கண்டு, வெளிவர இயலாமையே சாவுக்குக் காரணமென முடிவு கட்டினார். அதன்பின் முந்நூறு ஆண்டுகள் ஐரோப்பியக் குழந்தைகளின் ஈறுகள் கத்தியால் கீறப்பட்டன. 1849இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த ‘மிஸஸ் வின்ஸ்லோ’ மருந்துநீரில் மார்பின் கலந்திருந்தது. அதனை அருந்திய குழந்தைகளுள் சில மீண்டும் கண்விழிக்கவில்லை. பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் விற்ற பல்பொடிகளில் பாதரச உப்பு இருந்தது. குழந்தைகளின் கைகால்கள் சிவந்து வீங்கும் ‘பிங்க்’ நோய்க்கு அதுவே காரணமென 1940களில் கண்டறியப்பட்டது. 1954இல் பிரிட்டிஷ் உற்பத்தியாளர் பாதரசத்தை நீக்கினர், நோயும் மறைந்தது. அழகிய சிமிழில் அடைபட்டுக் கடையில் விற்ற பொடியைவிட லயத்து வாசலில் கல்லில் இழைத்த மருந்து தீங்கு குறைந்ததாகவே இருந்தது.

ஆயினும் இரு உலகங்களும் ஒரே பிழையைச் செய்தன. 1842ஆம் ஆண்டின் இங்கிலாந்துப் பதிவாளர் அறிக்கை, லண்டனில் ஓராண்டு நிரம்பாமல் இறந்த குழந்தைகளுள் 100க்கு 4.8 பேரின் சாவைப் பல் முளைப்பின் கணக்கில் எழுதியது. தோட்டத்து லயத்திலும் காய்ச்சலும் கழிச்சலும் கண்ட குழந்தையைப் பார்த்து, “பல்லு மொளைக்குது, சரியாப் போயிடும்” என்றனர். பல்லோ ஒரு பாவமும் அறியாதது. ஆறாம் மாதத்தை ஒட்டிப் பல் தலைகாட்டும். அதே காலத்தில்தான் தாயிடமிருந்து கருவிலேயே பெற்ற நோயெதிர்ப்பு வலிமை குன்றும். புற உணவு தொடங்கும். தவழும் குழந்தை மண்ணில் கண்டதையெல்லாம் வாயிலிடும். நோய் வரும் வாயில்கள் அனைத்தும் ஒருங்கே திறக்கும் வேளையில், கண்ணுக்குத் தெரிந்த பல்லின்மேல் பழி விழுந்தது.

மலாயாத் தோட்டங்களில் அப்பழி மறைத்த பகைவர் கொடியவர். முதல்வன் மலேரியா. 1901இல் கிள்ளானில் கொசு ஒழிப்பைத் தொடங்கிய மருத்துவர் மால்கம் வாட்சன், பின்னர்த் தோட்டக் குழந்தைகளின் வயிற்றைத் தொட்டு, மண்ணீரல் வீங்கியோரைக் கணக்கெடுத்தே நோயின் கடுமையை அளந்தார். இரண்டாவது பகைவன் தாய்ப்பாலுக்கு மாற்றாகப் புகுந்த இனிப்பூட்டிய டின்பால். 1939இல் சிங்கப்பூரில் மருத்துவர் சிசிலி வில்லியம்ஸ் அதன் விற்பனையைக் கொலைக்கு நிகராகக் கண்டித்து உரையாற்றினார். காய்ச்சலுக்கும் கழிச்சலுக்கும் உரிய மெய்க்காரணம் அறியப்படாதவரை, பல்லின் பெயரால் குழந்தைகள் மடிந்துகொண்டேயிருந்தன.

இன்றைய ஆய்வு இவ்வழக்கைத் தீர்த்து வைத்துள்ளது. 2016இல் வெளியான பல நாட்டு ஆய்வுகளின் தொகுப்பு, பல் முளைப்பதால் ஈற்று நோவும் சிணுங்கலும் வாய்நீர் வடிதலும் உண்டாகும் என்றும், உடற்சூடு சிறிது ஏறினும் அது காய்ச்சல் அளவை எட்டாது என்றும் உரைத்தது. பாட்டி மருந்தும் சோதனைக்குத் தப்பவில்லை. தேனிலிருக்கும் நுண்ணுயிர் விதைகள் கைக்குழந்தையின் குடலில் நஞ்சை உண்டாக்கும் என்பது அறியப்பட்டதால், ஓராண்டு நிரம்பாத குழந்தைக்குத் தேன் தரலாகாது. வசம்பை உணவிற் சேர்ப்பதை அமெரிக்கா 1968இல் தடை செய்தது. ஈற்றை மரக்கச் செய்யும் பென்சொக்கெயின் களிம்பு இரத்தத்தின் பிராணவாயு சுமக்கும் ஆற்றலைக் கெடுக்கக்கூடும் என்று 2011இலும் 2018இலும் அமெரிக்க அரசு எச்சரித்தது. கத்தி, பொடி, களிம்பு என யாவும் தோற்ற இடத்தில் தோற்காமல் நின்றவை இரண்டே: கழுவிய விரலும், குளிர்ந்த நீரில் நனைத்துப் பிழிந்த தூய துணியும்.

சிலிபினில் இன்று பேரனுக்கு முதற்பல் அரும்பக் காணும் பாட்டிக்கு, தோட்டத்தில் அவள் தாய் பெறாத ஒன்று வாய்த்திருக்கிறது. மருத்துவர் தொலைவில் இல்லை. ஈற்றைத் தேய்க்கும் அவள் கை தொடரட்டும். உடல் கொதித்தாலும் வயிறு கழிந்தாலும், “பல்லு மொளைக்குது” என்று ஆறுதல் கொள்ளாமல் அக்கையே குழந்தையைத் தூக்கிக்கொண்டு மருந்தகத்தின் படியேறட்டும். லயத்துத் தொட்டில்களில் காரணம் அறியப்படாமல் அடங்கிப்போன அழுகைகளுக்குச் செலுத்தக்கூடிய கடன் அதுவேயாகும்.