கைரேகைச் சட்டம் முதல் வேங்கைவயல் வரை

திருக்கனூரில் மாணவர்களோடு வன்கொடுமைச் சட்டம் பற்றிப் பேசும்போதெல்லாம் ஒரு கேள்வி தவறாமல் வருகிறது: "டிஎன்ஏ எடுத்தும் வேங்கைவயலில் ஏன் ஒன்றும் தெரியவில்லை?" பதில் சொல்ல நாம் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

இந்தியாவின் முதல் இரசாயனப் பரிசோதனைக் கூடம் 1849-ல் சென்னையில் வந்தது. 1897-ல் கல்கத்தாவில் கைரேகைப் பிரிவு தொடங்கியது. ரேகைகளை வகைப்படுத்தும் முறைக்கு உழைத்தவர்கள் அசிசுல் ஹக்கும் ஹேம் சந்திர போஸும். பெயர் என்னவோ ஹென்றி என்ற வெள்ளை அதிகாரிக்குப் போனது. உழைப்பு ஒருவருக்கு, பெயர் இன்னொருவருக்கு என்பது நமக்குப் புதிதா என்ன?

அந்த அறிவியல் யார் மீது பாய்ந்தது? 1911-ம் ஆண்டின் குற்றப் பரம்பரைச் சட்டம், பட்டியலிட்ட சமூகத்தாரின் ரேகையை எடுக்க அதிகாரம் தந்தது. தனிநபர் குற்றம் செய்தாரா என்ற கேள்வியே அங்கே கிடையாது. மதுரைப் பக்கத்தில் அதற்குக் கைரேகைச் சட்டம் என்றே பெயர். ரேகை வைக்க மறுத்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று போலீஸ் சுட்டது. ஒரு பெண் உட்பட 15-க்கும் மேற்பட்ட பிறமலைக் கள்ளர்கள் செத்தார்கள்.

மக்களை அடையாளம் குறிக்க இத்தனை வேகம் காட்டிய அறிவியல், பாதிக்கப்பட்டவர் பக்கம் வரும்போது எப்படி வருகிறது?

2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில், பட்டியல் சாதிக் குடியிருப்பின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது. குழந்தைகளுக்கு உடம்புக்கு முடியாமல் போன பிறகே விஷயம் வெளியே வந்தது. தண்ணீரில் கரைந்துபோன மாதிரியிலிருந்து ஒருவரின் மரபணுவைப் பிரிப்பது லேசான காரியமல்ல. அந்த மாதிரியோடு ஒப்பிடப் பாதிக்கப்பட்டவர்களிடமே ரத்தம் கேட்டார்கள், சிலர் மறுத்தார்கள். எவருடைய மரபணுவும் பொருந்தவில்லை. 2025 ஜனவரியில் சிபிசிஐடி, கைப்பேசித் தடயங்களைக் காட்டி, அதே ஊரின் பட்டியல் சாதியினர் மூவர் மீது குற்றப்பத்திரிகை வைத்தது. ஊர் மக்கள் அதை ஏற்கவில்லை.

இப்போது நாடு முழுக்கத் தடய அறிவியலைச் சீராக்குகிறோம் என்கிறார்கள். 2024 ஜூனில் ஒன்றிய அமைச்சரவை 2,254.43 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. ஜூலை 1-ல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, பிரிவு 176(3)-ல், 7 ஆண்டும் அதற்கு மேலும் தண்டனையுள்ள குற்றங்களில் தடய நிபுணர் சம்பவ இடத்துக்கு வந்தாக வேண்டும் என்கிறது. இதை அமல்படுத்த மாநிலங்களுக்கு 5 ஆண்டு அவகாசம்.

அந்த 7-ஐக் கவனியுங்கள் தோழர்களே. பொது இடத்தில் சாதிப் பெயர் சொல்லித் திட்டுவது, நிலத்தைப் பறிப்பது, நாம் குடிக்கும் தண்ணீரைக் கெடுப்பது, எல்லாம் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)-ல் வருகின்றன. அதற்குத் தண்டனை 6 மாதம் முதல் 5 ஆண்டு வரைதான். கடுமையான வேறு பிரிவு சேராவிட்டால், நாளைக்கு இன்னொரு தொட்டியில் இதே நடந்தாலும் நிபுணர் வரவேண்டிய கட்டாயமில்லை. எந்தப் பிரிவைப் போடுவது என்பதை முதலில் தீர்மானிப்பது காவல் நிலையம்.

அதனால் எங்கள் கூட்டங்களில் இதைத்தான் சொல்லி வருகிறோம். புகாரிலேயே எழுதுங்கள்: தொட்டியைக் கழுவும் முன் மாதிரி எடுக்க வேண்டும், எங்கள் கண்ணெதிரில் முத்திரை வைக்க வேண்டும். எஃப்ஐஆர் நகலை வாங்காமல் வீட்டுக்கு வராதீர்கள்.