தொரப்பள்ளி தந்த வழக்கறிஞர்

தமிழும் கன்னடமும் தெலுங்கும் உருதும் ஒரே கடைத்தெருவில் ஒலிக்கும் எல்லைப்புற நகரம் ஒசூர். இன்று தொழிற்சாலைகளால் பெயர் பெற்றுள்ள அந்நகரை அடுத்த தொரப்பள்ளியில், கிராம முன்சீபு ஒருவரின் மகனாக 1878 டிசம்பர் 10ஆம் நாள் பிறந்தவரே இராஜாஜி. அன்று சேலம் மாவட்டத்தில் இருந்த அச்சிற்றூர் இன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தைச் சேர்ந்தது.

சென்னையில் சட்டம் பயின்ற அவர், 1900இல் சேலத்தில் வழக்கறிஞர் தொழிலைத் தொடங்கினார். புகழும் பொருளும் குவிந்தன. 1917இல் சேலம் நகரசபைத் தலைவருமானார். ஆயினும் ஒத்துழையாமை இயக்கமும் கிலாபத் இயக்கமும் கைகோத்து எழுந்த காலத்தில் தொழிலைத் துறந்து, 1921 டிசம்பரில் சிறை புகுந்தார். 1937இல் சென்னை மாகாணப் பிரதமரானார்.

வழக்குமன்றத்தை அவர் விட்டாரேயன்றி, வழக்கறிஞரின் நோக்கு அவரை விடவில்லை. பங்காளிகள் பிணங்கி நிற்கையில், பாகம் கேட்பவரை வைது பயனென்ன? அவருடைய அச்சத்தை அறிந்து உடன்பாடு காண்பதன்றோ அறிவுடைமை! 1942 ஏப்ரலில், முஸ்லிம் லீகின் பிரிவினைக் கோரிக்கையை ஏற்றுப் பேச்சு நடத்த வேண்டுமெனச் சென்னைச் சட்டசபைக் காங்கிரஸ் கட்சியைத் தீர்மானிக்கச் செய்தார். அலகாபாத்தில் கூடிய அகில இந்தியக் காங்கிரஸ் குழு அதனைப் பெருவாரியாக நிராகரித்தது. தம் கருத்தை மாற்றிக்கொள்ளாத அவர், அவ்வாண்டே காங்கிரஸை விட்டு விலகினார்.

1944இல் வெளியான இராஜாஜி திட்டம், முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் வடமேற்கு, வடகிழக்கு மாவட்டங்களில் மக்கள் அனைவரின் வாக்கெடுப்பையும், பாதுகாப்பு, வாணிபம் முதலியவற்றில் உடன்படிக்கையையும் வகுத்தது. எவரும் தாமே விரும்பினாலன்றிக் குடிபெயரலாகாது என்றும் விதித்தது. அவ்வாண்டு செப்டம்பரில் காந்தியடிகளும் ஜனாப் ஜின்னாவும் பம்பாயில் நடத்திய பேச்சு முறிந்தது. மூன்றாண்டுகளில் இலட்சக்கணக்கானோர் விரும்பாமலே வீடு வாசல் இழந்து எல்லை கடந்தனர். அத்திட்டம் அதனைத் தடுத்திருக்கும் என அறுதியிட்டுக் கூற இயலாது. வரவிருந்த துயரை அது முன்னுணர்ந்திருந்தது என்பது மட்டும் உறுதி.

பிறர் அச்சத்தை எப்போதும் அவர் உணர்ந்தார் என்பதற்கில்லை. 1938இல் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கி, எதிர்த்தோரைச் சிறையிலடைத்தவரும் அவரே. பின்னாளில் இந்தித் திணிப்பைத் தாமே எதிர்த்தார். 1967 தேர்தலில் அறிஞர் அண்ணாவுடனும் காயிதே மில்லத்துடனும் ஓரணியில் நின்றார். காயிதே மில்லத் 1972 ஏப்ரலில் மறைய, அவ்வாண்டு டிசம்பர் 25இல் இராஜாஜியும் மறைந்தார். பதவியை இழந்தேனும் எதிர்த்தரப்பின் வழக்கைக் கேட்கத் துணிந்த அவரது 1942ஆம் ஆண்டுச் செயலை நம் இளைஞர்கள் அறிந்திருத்தல் நலம்.