தறியும் தையல் இயந்திரமும்

சர்வதேச வர்த்தகம் வேலையைத் தருகின்றதா, பறிக்கின்றதா என்னும் வினாவுக்கு மொத்தக் கணக்கொன்றைக் காட்டி விடையிறுப்பார் பலர். ஓரிடத்தில் அழிந்த வேலைகளையும் மற்றோரிடத்திற் பெருகிய வேலைகளையும் கூட்டிக் கழித்து, மிச்சம் இருப்பின் நாடு முன்னேறிற்று என்பர். வரலாற்று மாணவன் கேட்கவேண்டிய கேள்வி வேறு. இழந்தவர் யார்? பெற்றவர் யார்? பெற்றது எவர் கையில் தங்கியிருக்கின்றது? நமது நாட்டுப் புடைவைக் கைத்தொழிலின் வரலாறு இவ்வினாக்களுக்குத் தெளிவான விடை தருகின்றது.

1960ஆம் ஆண்டை அடுத்து, அந்நியச் செலாவணி நெருக்கடியும் உள்நாட்டுக் கைத்தொழிலை வளர்க்கும் நோக்கமும் ஒன்றுசேர்ந்து இறக்குமதிக் கட்டுப்பாட்டை இறுக்கின. வியாங்கொடை, துல்கிரிய, பூகொடை ஆகிய இடங்களில் அரசாங்கப் புடைவை ஆலைகள் எழுந்தன. துல்கிரிய ஆலைக்குக் கிழக்கு ஜேர்மனியும் பூகொடை ஆலைக்குச் சீனாவும் துணைபுரிந்தன. கிராமங்கள்தோறும் நெசவு நிலையங்கள் தோன்றின. கிழக்கிலே மருதமுனை போன்ற ஊர்களில் தறியே குடும்பத்தின் சீவனோபாயமாயிற்று.

அக்காலத்தைப் பொற்காலமெனப் புனைந்துரைத்தல் பொருந்தாது. நூலும் சாயமும் வெளிநாட்டிலிருந்தே வரவேண்டியிருந்தன. செலாவணி முட்டுப்பட்டபோது தறிகள் ஓய்ந்தன. போட்டியின்மையால் தொழில்நுட்பமும் தேங்கிற்று. வேண்டிய துணி வேண்டியபோது கிடைக்காமல் மக்கள் அல்லற்பட்டனர். அடுத்து வந்த மாற்றத்தைப் பலர் வரவேற்றமைக்கு இதுவும் ஒரு காரணமாகும்.

1977 ஜூலைத் தேர்தலில் வெற்றிபெற்ற ஜே. ஆர். ஜயவர்த்தனவின் அரசாங்கம், அவ்வாண்டு நவம்பர் மாத வரவுசெலவுத் திட்டத்தின் மூலம் இறக்குமதிக் கட்டுப்பாடுகளிற் பெரும்பாலானவற்றை நீக்கிற்று. பிறநாட்டு ஆலைகளின் மலிவான செயற்கை இழைத் துணிகள் சந்தையை நிரப்பின. கையால் எறியும் நாடா விசைத்தறியோடு விலையிற் போட்டியிடல் இயலாது. ஆயிரக்கணக்கான தறிகள் நின்றன. மாற்றுத் தொழிலுக்குரிய பயிற்சியோ நட்டஈடோ தக்க அளவில் நெசவாளருக்குக் கிட்டவில்லை.

அதேவேளை மற்றொரு வாயில் திறக்கப்பட்டது. 1978இல் பாரிய கொழும்புப் பொருளாதார ஆணைக்குழு அமைக்கப்பட்டது. கட்டுநாயக்காவிலே சுதந்திர வர்த்தக வலயம் உருவாயிற்று. நீண்டகால வரிவிலக்கும் மலிவான உழைப்பும் முதலாளிகளை அழைத்தன. இவற்றோடு மற்றொரு காரணமும் இருந்தது. 1974ஆம் ஆண்டின் பல்லிழை உடன்படிக்கைப்படி, ஒவ்வொரு நாட்டிலிருந்தும் எவ்வளவு ஆடை வாங்கலாம் என்பதைச் செல்வந்த நாடுகள் கோட்டா முறையால் வரையறுத்தன. ஹொங்கொங் முதலிய இடங்களின் உற்பத்தியாளர் தமது கோட்டாவை நிரப்பியபின், நிரம்பாத கோட்டா உள்ள நாடுகளைத் தேடினர். அவ்வாறு தேடியவர்கள் கண்ட நாடுகளுள் இலங்கையும் ஒன்று.

1980 ஜூலையில் நிகழ்ந்த பொது வேலைநிறுத்தம் முறியடிக்கப்பட்டு ஏறத்தாழ 40,000 ஊழியர் வேலையிழந்தனர். தொழிற்சங்கங்களின் முதுகெலும்பு முறிந்த அக்காலத்திலேயே வலயம் வளர்ந்தது என்பது மனங்கொளத்தக்கது. 1986 அளவில் ஆடை ஏற்றுமதி வருமானம் தேயிலையை விஞ்சிற்று. 1992இல் 200 ஆடைத்தொழிற்சாலைகளைக் கிராமப்புறங்களில் அமைக்கும் திட்டம் தொடங்கப்பட்டது.

இக்கணக்கைக் கண்டு, தறி போனாலும் தையல் இயந்திரம் வந்தது என்று அமைதியடைவோர் உளர். ஆனால், தறியை இழந்தவர் தம் ஊரில், தம் வீட்டில், குடும்பத்தோடு வாழ்ந்த நெசவாளர். இயந்திரத்தின்முன் அமர்ந்தவளோ ஊரைவிட்டு வந்து, நெருக்கமான வாடகை அறையிலே தங்கிய இளம்பெண். முன்னவர் பின்னவளாதல் இயலாது. அவள் தைத்த துணியும் பெரும்பாலும் இறக்குமதித் துணியே. ஆதலால் ஆடை ஏற்றுமதி பெருகியும் உள்நாட்டு நெசவு உயிர்பெறவில்லை. துல்கிரிய ஆலை கைமாறி, ஈற்றில் மூடப்பட்டது. அவ்விடத்தில் இன்று தனியார் ஆடைத்தொழிற் பூங்கா நிற்கின்றது.

அப்பெண் பெற்ற ஊதியத்தை அற்பமென ஒதுக்குவதும் தவறு. அது வீட்டின் கடனைத் தீர்த்தது; அவளுக்கு வீட்டில் ஒரு குரலையும் தந்தது. ஆயின் அவ்வூதியத்தின் ஆயுள் அவள் உழைப்பில் மட்டும் தங்கியிருக்கவில்லை. 2004ஆம் ஆண்டின் இறுதியோடு கோட்டா முறை ஒழிந்தது. சிறு தொழிற்சாலைகள் பல மூடப்பட்டன. 2005இல் ஐரோப்பிய ஒன்றியம் தந்த ஜீ.எஸ்.பி. பிளஸ் வரிச்சலுகை, மனித உரிமைச் சமவாயங்களை அரசு நடைமுறைப்படுத்தாமையால் 2010இல் இடைநிறுத்தப்பட்டு, 2017இல் மீண்டது. 2025 ஏப்ரிலில் ஐக்கிய அமெரிக்கா இலங்கைப் பொருள்கள்மீது 44 சதவீத வரியை அறிவித்து, ஓகஸ்டில் 20 சதவீதமாகக் குறைத்தது. இந்நான்கு மாதங்களில் எந்தப் பெண்ணின் கைத்திறனும் கூடவோ குறையவோ இல்லை. ஆயினும் அவளுடைய வேலை அந்த எண்களோடு ஊசலாடிற்று. 2009இல் போர் முடிந்தபின் வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் ஆடைத்தொழிற்சாலைகள் திறக்கப்பட்டமையால், இன்று இது நம் மாணவியரின் அக்காமாரையும் பற்றிய பிரச்சினையாகும்.

இவ்வரலாற்றில் தொழிலாளர் எப்பொழுதும் பார்வையாளராகவே இருந்தனர் என்பதற்கில்லை. 2011 மே மாதத்தில், தனியார்துறை ஓய்வூதியச் சட்டமூலத்தை எதிர்த்துக் கட்டுநாயக்காத் தொழிலாளர் ஆயிரக்கணக்கில் திரண்டனர். பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டில் இளந்தொழிலாளி ஒருவர் உயிரிழந்தார். அரசாங்கம் சட்டமூலத்தைக் கைவிட்டது. வெளிநாட்டு வரியை மாற்றும் வலிமை அவர்களுக்கு இல்லாதிருக்கலாம். உள்நாட்டுச் சட்டத்தைத் தடுக்கும் வலிமை இருந்தது.

ஆகவே, வாயிலைத் திறப்பதா மூடுவதா என்பதோடு நம் விவாதம் நின்றுவிடலாகாது. திறக்கும்போது நெசவாளருக்கு மாற்றுவழி என்ன? தைக்கும் துணியை இங்கேயே நெய்வதற்கு முயற்சி என்ன? வலயத்துக்குள் சங்கம் அமைக்கும் உரிமை ஏட்டளவில் மட்டுமா? 1977இல் இக்கேள்விகளை உரத்துக் கேட்டோர் சிலரே. அன்று நின்ற தறிகளின் கணக்கை இன்றுவரை எவரும் தீர்க்கவில்லை. நாளை ஒரு தையல் இயந்திரம் நிற்கும்போதாவது அக்கணக்கைக் கேட்பதற்கு ஆட்கள் இருத்தல் வேண்டும்.